ஒரே வாசலில் இரண்டு மாமன் சீர்

தாய்மாமன் என்ற உறவின் விலை எங்கள் கடையில் பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். இருபத்தொரு தட்டு, பட்டு விரிப்பு, பூ வேலை, கண்ணாடித்தாள் சுற்று, கொண்டுபோய் இறக்கித் திரும்ப ஏற்றி வரும் வண்டிக்கூலி எல்லாம் அதற்குள் அடக்கம். பதினொரு தட்டு மாமன் மலிவு. ஐம்பத்தொரு தட்டு மாமன் வருஷத்துக்கு ஒருவர் வந்தால் அதிகம். உறவுக்கு விலை போடுகிறாயே என்று முகம் சுளிக்கிறவர்களும் உண்டு. அவர்கள்தான் கடைசிவரை நின்று ஐந்நூறு ரூபாயைக் குறைத்துக்கொண்டு போவார்கள்.

கடை காட்டுப்பாக்கத்தில், பூந்தமல்லி சாலை மேலேயே. சாமுண்டி சீர்வரிசை அலங்காரம். பெயர் என் மனைவி சாமுண்டீஸ்வரியுடையது, கைவேலையும் அவளுடையது. வாய் மட்டும் என்னுடையது. என் அப்பாவும் சித்தப்பாக்களும் கொத்தவால் சாவடியில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசினவர்கள். எங்கள் வீட்டில் குழந்தை இரண்டு முறுக்கு கேட்டால் ஒன்று என்று எதிர்விலை வரும், ஒன்றரையில் முடியும். அப்படி வளர்ந்தவனுக்கு இந்தத் தொழில் வெல்லம்.

தட்டு எல்லா சாமிக்கும் ஒன்றுதான், மேலே வைப்பதுதான் வேறு. வேதக்கார வீடு என்றால் கோயிலில் மந்திரிக்கும் புடவை, பைபிள், ஜெபமாலை, மூன்று அடுக்குக் கேக். பாய் வீடு என்றால் மருதாணி, பேரீச்சம்பழம், அத்தர். நம் வீடு என்றால் மஞ்சள், குங்குமம், வெற்றிலை, மாமன் புடவை. முந்திரிப் பருப்பில் மயில் செய்யச் சொன்னால் எந்த மதமானாலும் நானூறு ரூபாய் கூடுதல். இத்தனை வருஷத்தில் ஒரு சீர் எங்கே போகிறது, யாருக்குப் போகிறது என்று நான் கவலைப்பட்டதே கிடையாது. பணம் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால் போதும் என்றிருந்தேன், ஆரோக்கியசாமி வரும்வரை.

அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவர். ஐம்பத்தைந்து வயது. பழைய வாடிக்கை இல்லை, புதுசு. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கடைக்குள் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்துகொண்டே பேசினார்.

"தாய்மாமன் சீரு. இருபத்தொரு தட்டு. என் தங்கச்சி பொண்ணுக்கு."

"பேரு, மண்டபம் சொல்லுங்க."

"பொண்ணு பேரு கவிப்பிரியா. வேலப்பன்சாவடி மண்டபம்."

நான் அவர் சட்டைக்குள் தெரிந்த சிலுவையைப் பார்த்தேன். "மஞ்சள் குங்குமத் தட்டு வெக்கலாங்களா, வாணாங்களா?"

"எல்லாம் வையி. அது எங்க ஊட்டு கல்யாணம் இல்ல, அவங்க ஊட்டு கல்யாணம். பொன்னியம்மா எனக்குக் கூடப் பொறக்கல. ஆவடியில பக்கத்துப் பக்கத்து ஊடு. ஒரே குழாயில தண்ணி புடிச்சி வளந்தோம். அதுக்கு அண்ணன் தம்பி யாரும் கிடையாது. பொண்ணுக்கு காது குத்தினது என் மடியில. பெரிய மனுஷியானப்போ பச்ச ஓலையில குச்சு கட்டினது நானு. கல்யாணம் ஒண்ணுதான் பாக்கி."

மாமன் கொடுக்கும் புடவையைப் பெண் கட்டிக்கொள்ள வேண்டும். மாமன் அவள் நெற்றியில் பட்டம் கட்டி, கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போக வேண்டும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை நடக்கிற காரியம். இதற்குத்தான் மனிதர் தவியாய்த் தவித்துக்கொண்டிருந்தார். விஷயம் என்னவென்றால், மாப்பிள்ளையின் அப்பா வேம்புலிக்கு இது பிடிக்கவில்லை. வேதக்காரர் பட்டம் கட்டினால் நன்றாகவா இருக்கும், வேறு யாராவது பெரியப்பா மகன், சித்தப்பா மகன் இல்லையா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். பொன்னியம்மா, "எங்கண்ணன் கட்டலன்னா எம்பொண்ணு நெத்தியில எதுவும் ஏறாது" என்று சொல்லி வாயை அடைத்திருக்கிறாள்.

"அடைச்சது வாயத்தான். மனச அடைக்க முடியுமா," என்றார் ஆரோக்கியசாமி. "ஒரு சாக்கு கெடச்சா போதும், என்ன ஒதுக்கிடுவாரு. அதனால சீரு சும்மா நச்சுனு இருக்கணும் சம்முகம். யாரும் ஒரு கொற சொல்லக் கூடாது."

பேரம் பேசவே இல்லை. முன்பணத்தை வைத்துவிட்டு, படியிறங்கி, திரும்பி வந்து, மல்லிகைப் பூ அன்றைக்குக் காலையில் கட்டியதாக இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் முழுக்க வந்தார். தட்டு பழசாக இருக்கிறதே என்பார். விரிப்பு பச்சையா, சிவப்பா என்பார். ஒருநாள் ஒன்றும் கேட்காமல் தட்டு அடுக்கைப் பார்த்துவிட்டுப் போனார்.

சாமுண்டி சொன்னாள், "இந்தாளு பொண்ணுக்கு அப்பனா இருந்தாகூட இவ்ளோ அலைய மாட்டாரு."

அதற்குப் பத்து நாள் கழித்து வந்தவர் கேவல்சந்த் சேட்டு. அம்பத்தூரில் நட்டு, போல்ட்டு, பைப் சாமான் கடை. புரசைவாக்கத்தில் பிறந்தவர், என்னைவிட நன்றாக மெட்ராஸ் தமிழ் பேசுவார்.

"ஐம்பத்தொரு தட்டு போடு நைனா. ரேட்டு சொல்லு."

சொன்னேன். கொஞ்சம் ஏற்றித்தான் சொன்னேன். சேட்டு பாதியில் ஆரம்பிப்பார், முக்காலில் முடிப்போம் என்று கணக்கு. அவர் தலையாட்டிவிட்டுப் பணத்தை எடுத்து எண்ண ஆரம்பித்தார். நாற்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்த மனுஷன் விலையைக் குறைத்துக் கேட்கவில்லை என்றால் எங்கேயோ ஏதோ கோளாறு.

"இன்னா விசேஷம் சேட்டு?"

"என் பெஹன் ஊட்டுக் கல்யாணம். எங்க ஜனத்துல மாயரான்னு பேரு. உங்க மாமன் சீரு மாதிரின்னு வெச்சுக்கோயேன். தங்கச்சிக்காரி வெல்லம், அரிசி, தேங்கா எல்லாம் தட்டுல வெச்சினு வந்து, அண்ணன் நெத்தியில பொட்டு வெச்சி கூப்டுட்டான்னு வையி, அண்ணன்காரன் சீரு எடுத்துகினு போயே ஆவணும். போவலன்னா அப்புறம் எங்க ஊர்ல மூஞ்சி காட்ட முடியாது."

"தங்கச்சி பேரு?"

"பொன்னியம்மா. நம்ம கடை வாசல்ல இட்லிக் கடை போட்டுகினு கீதே, அது."

அழைப்பிதழை நீட்டினார். கவிப்பிரியா. வேலப்பன்சாவடி. அதே தேதி. அதே மண்டபம். நான் அதைப் படித்து முடிப்பதற்குள் என் கை பணத்தை வாங்கி உள்ளே போட்டுவிட்டது. பரம்பரைக் கை, நான் சொல்லிக் கேட்காது. ஆர்டரில் தாய்மாமன் சீர் என்று எழுதிக்கொண்டேன்.

சேட்டு போன பிறகு சாமுண்டி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு பொண்ணுக்கு ரெண்டு மாமனா?"

"வியாபாரம் தானே. ஒருத்தர் ஆர்டர இன்னொருத்தர்கிட்ட சொல்லக் கூடாது."

"சொல்லாத. மண்டபத்து வாசல்ல ரெண்டு பேரும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்குவாங்க, அப்ப நீ தட்ட எண்ணிகினு நில்லு."

அன்றிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. போன் அடித்தால் ஆரோக்கியசாமியாக இருக்குமோ என்று திக்கென்றது. டீ வாங்கினால் ஆறவிட்டேன். ஐம்பத்தொரு தட்டோடு ஒரு சேட்டு வந்து இறங்கினால் வேம்புலி தேடிக்கொண்டிருந்த சாக்கு பாகை கட்டிக்கொண்டு நேரிலேயே வந்தது போல ஆகிவிடும். மூன்றாம் நாள் விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு அம்பத்தூர் போனேன்.

பொன்னியம்மா இட்லிக் குண்டானைத் திறந்துகொண்டிருந்தாள். காலை ஷிப்டுக்குப் போகிற கூட்டம் சுற்றி நின்றது. கூட்டம் கரைந்த பிறகு கேட்டேன்.

"சேட்டு உனக்கு இன்னா மொற?"

"மொற இன்னா மொற. கடைக்காரரு. வாசல்ல எடம் குடுத்துகீறாரு, பதினாலு வருஷமா ஒரு ரூவா வாடக வாங்கினதில்ல. நல்ல மனுசன்."

"உன்ன பெஹன்றாரு."

"அவங்க பாஷையில மரியாதைக்கு அப்டித்தான் கூப்டுவாங்க."

சேட்டு வீடுகளில் தங்கை அண்ணன் கையில் ராக்கி கட்டுவது ஞாபகம் வந்தது. "ஆவணியில அவரு கையில கவுறு கட்டுவியா?"

"ஆமா. அவங்க ஊட்டு நோம்புக் கவுறு. அவரு தங்கச்சிங்க எல்லாம் ஊர்ல கீறாங்களாம், கட்ட ஆளில்லன்னு கைய நீட்டினாரு. நம்ம அம்மன் கோயில்ல காப்பு கட்றாங்களே, அந்த மாதிரின்னு கட்டினேன். பொடவயும் ஸ்வீட்டு பொட்டியும் குடுப்பாரு. தீவாளி போனஸ முன்னாடியே குடுக்கறாருன்னு நெனச்சிக்கினேன்."

"பத்திரிக எப்டி வெச்ச?"

"எல்லாருக்கும் வெக்கற மாதிரிதான். தட்டுல அரிசி, வெல்லம், தேங்கா. நெத்தியில குங்குமம் வெச்சி குடுத்தேன். பக்கத்து டயர் கடைக்காரருக்கும் அப்டித்தான் வெச்சேன்."

"டயர் கடைக்காரர் கையில நீ கவுறு கட்டலையே."

சேட்டு சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு, உள்ளே ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்த சேட்டைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சிரித்துக் கையை ஆட்டினார். இவளும் கையை ஆட்டினாள். முகத்தில் ஈயாடவில்லை.

"பதினாலு வருஷமா அந்தாளு என்ன தங்கச்சின்னே நெனச்சிகினு கீறாரா."

"ஐம்பத்தொரு தட்டுக்கு நெனச்சிகினு கீறாரு."

"வேணாம்னு எப்டி சொல்றது நைனா? எந்த வாயால சொல்லுவேன்? சரின்னா எங்கண்ணன் கதி? வேம்புலி மாமா சேட்ட தூக்கி முன்னாடி உக்கார வெச்சிடுவாரு. ஆரோக்கியண்ணன் வாயத் தொறக்காது. அப்டியே திரும்பி நடந்து ஊட்டுக்குப் போயிடும். எனக்குத் தெரியும் அத." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீ வியாபாரி. நீயே ஏதாச்சும் பேசி முடி."

சரியென்று சேட்டிடம் போனேன். நேராகச் சொல்ல வாய் வரவில்லை. தட்டுப் பஞ்சம், ஐம்பத்தொன்று கிடைக்காது, பதினொன்றாக முடித்துக்கொள்ளலாம் என்று பேரத்தைக் கீழே இழுத்தேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக வாடிக்கைக்காரரை மலிவான சரக்குக்குத் தள்ளினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"எனக்கு கூடப் பொறந்தது மூணு பெஹன். மூணு பேரு ஊட்டுக் கல்யாணத்துக்கும் ஐம்பத்தொண்ணு எடுத்துகினு போனேன். இதுக்கு மட்டும் கொறச்சா, இட்லி விக்கறவதானேன்னு கொறச்சதா ஆவாதா? தட்டு இல்லன்னா வெளிய வாடகைக்கு எடு. துட்டு நான் தரேன்."

அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது. வெளியே வாடகைக்கு எடுத்தேன்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஆரோக்கியசாமி வந்தார். கடைக்குப் பின்னால் தட்டுகள் வரிசையாகக் கிடந்தன. சாமுண்டி ராஜஸ்தான் புடவை ஒன்றை யானையாக மடித்துக்கொண்டிருந்தாள்.

"இது யாரோடது? மார்வாடி ஊட்டு விசேஷமா?"

நான் தொண்டையைச் செருமினேன். சாமுண்டி செரும மாட்டாள். "பொன்னியம்மா ஊட்டுக்குத்தான். சேட்டு கொண்டாராரு. அதுங்க வழக்கத்துல அவரும் அண்ணனாம். பொன்னியம்மாவுக்கே தெரியாம நடந்துபோச்சு. அதும்மேல கோவப்படாதண்ணே."

ஆரோக்கியசாமி தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெள்ளித் தாம்பாளம், நெய்யில் செய்த இனிப்பு, உலர்பழம், புடவை மேல் புடவை. அவருடைய இருபத்தொன்று சுவர் ஓரமாக அடக்கமாக இருந்தது. என் வியாபார புத்தி ஒரு கணம் எதிர்பார்த்தது, எழுபத்தொன்றாக ஆக்கு என்று சொல்வாரோ என்று. சட்டைப் பையிலிருந்து ரசீதை எடுத்து நீட்டினார்.

"என் ஆர்டர கேன்சல் பண்ணிடு சம்முகம்."

"ஏன்?"

"ரெண்டு மாமன் வாசல்ல நின்னா பொன்னிய சிரிப்பாங்க. சேட்டு தட்டுக்கு முன்னாடி என் தட்டு எடுபடாது. நான் காலையில முகூர்த்தத்துக்கு மட்டும் வந்துட்டுப் போறேன். சகாயத்துகிட்ட ஜொரம்னு சொல்லிக்கறேன்."

சகாயம்மாள் அவர் மனைவி. ஆறுதல் சொல்ல எனக்கு வராது, எங்கள் மண்டியில் அந்தச் சரக்கு கிடையாது. தெரிந்ததைச் செய்தேன்.

"கேன்சல் பண்ணா அட்வான்ஸ் திரும்பாது."

"பரவால்ல."

"அது மட்டும் இல்ல. பூ சொல்லியாச்சு, பழம் வந்தாச்சு. மீதி துட்டையும் கட்டணும். தட்ட எடுத்துகினு போனாலும் அதே துட்டு, போவலன்னாலும் அதே துட்டு."

"அநியாயமா கீதே."

"ரசீதுக்குப் பின்னாடி போட்டுகீது."

அப்படி ஒன்றும் போட்டிருக்கவில்லை. அவர் திருப்பிப் பார்ப்பதற்குள் சாமுண்டி ரசீதைக் கையிலிருந்து உருவி, "சனிக்கெழம நாலு மணிக்கு வண்டி வரும்ணே, ரெடியா இரு" என்று சொல்லிவிட்டாள். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறி முறைத்துவிட்டுப் படியிறங்கினார். இந்த மாதிரிக் கொள்ளைக்காரனை அவர் பார்த்ததே இல்லை என்பது அவர் நடையில் தெரிந்தது.

சனிக்கிழமை மாலை. நெடுஞ்சாலையில் கல்லூரிப் பேருந்துகளும் லாரிகளும் முட்டிக்கொண்டு நின்றன. பெட்ரோல் பங்க் பக்கமிருந்து ஆரோக்கியசாமியின் சீர் கிளம்பியது; பேண்டு செட்டு, சகாயம்மாள், பட்டறை ஆட்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள். எதிர்த் திசையிலிருந்து சேட்டு வந்தார். தலையில் சிவப்புப் பாகை, முன்னால் டோல் மேளம், பின்னால் முக்காடு போட்ட பெண்கள் தட்டும் கையுமாக. நெரிசலில் சிக்கிச் சிக்கி, இரண்டு கூட்டமும் மண்டப வாசலுக்கு ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. பேண்டு ஒரு பாட்டு, டோல் ஒரு தாளம். கொஞ்ச நேரம் இரண்டும் அடித்துக்கொண்டு, ஒன்றையொன்று பார்த்து, தானாக நின்றன.

நான் வாசலுக்கும் வண்டிக்கும் நடுவில் அலைந்துகொண்டிருந்தேன். வேம்புலி என் தோளைப் பிடித்தார். ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதைத் தூக்குவது, எதை ஓரங்கட்டுவது என்று பார்த்தவுடனே முடிவு செய்கிற கண்.

"அண்ணாத்தே, பாகை கட்டினவரு யாரு?"

"பொண்ணோட அம்மாவுக்கு அண்ணன் மொற."

"அப்போ இவரு?"

"இவரும்தான்."

அவர் தட்டுகளை எண்ணவில்லை, எண்ண வேண்டியதில்லை. முகம் மலர்ந்துபோனது. "சேட்டு முன்னாடி வாங்க. பட்டம் நீங்களே கட்டிடுங்க. சாமி கும்புடறவங்க கையால நடந்தா நல்லா இருக்கும்." பிறகு ஆரோக்கியசாமியிடம் திரும்பினார். "சார், நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. தட்ட ஓரமா எறக்கி வெச்சிட்டு உள்ள போயி காபி சாப்புடுங்க."

சம்பந்தி என்று கூப்பிட வேண்டிய இடத்தில் சார். ஆரோக்கியசாமி ஒதுங்கினார். மாமன் புடவை இருந்த தட்டு மட்டும் கையிலேயே இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். சகாயம்மாள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

சேட்டு வேம்புலி சொன்னதைக் காதில் வாங்கவில்லை. வாசல்படிக்கு வெளியே நின்று, "பெஹன் எங்க?" என்றார்.

பொன்னியம்மா சமையல்கட்டுப் பக்கம் இருந்தாள். புருஷன் போய்ப் பதினோரு வருஷம். வாசலில் ஆரத்தி எடுக்கிற கூட்டத்தில் அவளுக்கு இடம் இல்லை. யாரோ போய் அழைத்து வந்தார்கள். சேட்டின் மனைவி ஒரு மணையைப் போட்டு அவளை அதன்மேல் ஏற்றி நிறுத்தினாள். சேட்டு முதல் தட்டிலிருந்து ஒரு துணியை எடுத்து உதறி விரித்தார். அடர்சிவப்பு, ஓரமெல்லாம் பொன் ஜரிகை. அவள் தலைக்கு மேல் தூக்கிப் போர்த்தப் போனார்.

அப்போதுதான் ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு விலகிப் போனார்கள்.

அவர்கள் ஊரில் அண்ணன் தங்கைக்குப் போர்த்துகிற மாயராத் துணி அது. நம் ஊரில் அண்ணன் தங்கையின் தலைமேல் புதுத்துணி போர்த்துவது ஒரே ஒரு நாளில்தான். அவள் புருஷன் செத்த அன்றைக்கு. பிறந்த வீட்டுக் கோடி என்று பெயர். கல்யாண மண்டபத்து வாசலில், எல்லோருக்கும் முன்னால், சேட்டு கோடி போடுகிறார் என்றுதான் அங்கே நின்ற அத்தனை பெண்களும் பார்த்தார்கள்.

"இன்னாய்யா இது, நல்ல காரியத்துல கோடி போட்டுகினு," என்றது ஒரு குரல்.

பொன்னியம்மா மணையிலிருந்து பின்வாங்கி இறங்கினாள். துணி சேட்டின் கையில் விரித்தபடி நின்றது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பெரிய மனிதர், பாகை சரிந்து, என்னைப் பார்த்தார். "நான் இன்னா தப்பு பண்ணேன்?"

சாமுண்டி சொன்னபடியே நான் தட்டுகளை எண்ண ஆரம்பித்தேன்.

வேம்புலிக்கு மூச்சே வரவில்லை. பேண்டுக்காரர்கள் ஓரமாகப் போய்விட்டார்கள். ஆரோக்கியசாமி இப்போது பேசாமல் நின்றிருந்தாலே போதும். சேட்டு அபசகுனக்காரர் ஆகியிருப்பார், பட்டம் தானாக இவர் கைக்கு வந்திருக்கும். நானாக இருந்தால் நின்றிருப்பேன். அவர் தட்டை சகாயம்மாளிடம் கொடுத்துவிட்டு நேராக நடந்து வந்தார்.

"பொன்னி, ஏறு மணையில."

"அண்ணே, வாணாம். கோடிண்றாங்கோ."

"உனக்குக் கோடி போட்டது யாரு?"

"நீ தான்."

"அது ஒருத்தருக்கு ஒரு தடவ தான். அத நான் போட்டு முடிச்சாச்சு. நான் போட்டது எனக்குத் தெரியாதா? இது அது இல்ல. இது சீரு." கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். பட்டறையில் மிஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். "அன்னிக்குப் போட்டப்போ யாரும் அபசகுனம்னு சொல்லல, மொறன்னு சொன்னீங்க. நான் வேதக்காரன்னும் அன்னிக்கு யாரும் சொல்லல. சேட்டு, அந்த முனைய நீங்க புடிங்க. இத நான் புடிக்கறேன்."

இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். பொன்னியம்மா மணையில் ஏறினாள். சிவப்புத் துணி அவள் தலையில் இறங்கியபோது சேட்டு வீட்டுப் பெண்கள் அவர்கள் பாஷையில் பாட ஆரம்பித்தார்கள். இதுவரை காத்திருந்ததற்கும் சேர்த்துச் சத்தமாகப் பாடினார்கள். சகாயம்மாளுக்கு அந்தப் பாட்டு தெரியாது. ஆனாலும் கை தட்டினாள். பேண்டுக்காரர்கள் திரும்பி வந்தார்கள். பொன்னியம்மா அந்தத் துணிக்குள் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை.

வேம்புலி லேசில் விடுகிறவர் இல்லை. கொஞ்சம் ஆசுவாசமானதும், "சேட்டு, அப்டியே பட்டத்தையும்..." என்று ஆரம்பித்தார்.

"அது எனக்கு இன்னா தெரியும்," என்றார் சேட்டு பாகையைச் சரி செய்துகொண்டு. "நான் வந்தது பெஹனுக்கு. எங்க மாயரா அதுக்குத்தான். பொண்ணு அவரோடது. காது குத்தினது அவரு மடியிலன்னு பொன்னியம்மா எங்கிட்ட ஆயிரம் தபா சொல்லிக்கீது. நடுவுல நான் யாரு?"

நான் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டேன். ஒரு மாதமாக என் தூக்கத்தைத் தின்ற கேள்விக்கு விடை இவ்வளவுதான்: இரண்டு சீருக்கும் போகிற இடம் வேறு. நம் சீர் மருமகளுக்கு, அவர்கள் சீர் தங்கைக்கு. ஆர்டர் எழுதும்போது யாருக்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும்.

மணமகள் அறைக் கதவு திறந்தது. கவிப்பிரியா பாதி அலங்காரத்தில் தலையை நீட்டினாள்.

"மாமா, பொடவைய குடுக்கறியா இல்லியா? எவ்ளோ நேரம் நிக்கறது. மேக்கப்பு கரையுது."

ஆரோக்கியசாமி ஓடினார். அவள் புடவையைக் கட்டி வந்ததும் நெற்றியில் பட்டம் கட்டினார். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை வேம்புலியே பின்னால் வந்து நூலைப் பிடித்துக் கொடுத்தார். "இறுக்கிக் கட்டுங்க சம்பந்தி, மேடைக்குப் போறதுக்குள்ள அவுந்துடப் போவுது," என்றார், முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு. மாமனும் மருமகளும் கைபிடித்து நடந்தபோது சேட்டுதான் முதலில் விசிலடித்தார்.

பந்தி போட்டார்கள். பொன்னியம்மா சிவப்புத் துணியை இழுத்துச் செருகிக்கொண்டு, தன் கையாலேயே சேட்டுக்கு இலை போட்டாள். அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். நெடுஞ்சாலை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

"பொழுது சாஞ்சிட்டா எங்க ஜெயின் வழக்கத்துல சாப்பாடு ஆவாது பொன்னியம்மா. வாசல்லயே இருட்டிப் போச்சு."

"அப்போ காலையில முகூர்த்தத்துக்கு வந்து சாப்புடுங்க."

"காலையில ஊருக்கு ரயிலு. மச்சான் ஊட்டு விசேஷம்."

அவள் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஊருக்கெல்லாம் பசியாற்றுகிறவள். அவர் எழுந்து, கைகூப்பி, வெறும் வயிற்றோடு போனார். பக்கத்து இலையில் ஆரோக்கியசாமி மூன்றாவது தடவை சாம்பார் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தட்டுகள் கடைக்குத் திரும்பின. சாமுண்டி எண்ண எண்ண நான் ஒப்பித்தேன். போனது எழுபத்திரண்டு, வந்தது எழுபத்திரண்டு. ஆரோக்கியசாமி பேரில் பாக்கி இல்லை. கேவல்சந்த் பேரில் பாக்கி இல்லை. பொன்னியம்மா பேரில் நிற்பது: சேட்டுக்கு ஒரு சாப்பாடு, பொழுது சாய்வதற்குள்.